இரண்டு விரல் வாய்

என் தம்பி ஏழுமலை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூட்டையில் கொக்கியைப் போட்டு இழுப்பதற்கு முன் ஒரு பிடி பிடிப்பானே, அந்தப் பிடி. ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

கிளியனூர் பக்கம் நான் வேலை பார்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் காலைக் கூட்டம் அது. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை, வெயில் அதற்குள் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. முன்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்பு மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"பேசுங்க சார்" என்றார் தலைமையாசிரியர்.

ஏழுமலை திரும்பித் தன் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டான். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவன் அவன். நாற்பது வயதைத் தாண்டியும் அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், 'இந்த டீச்சரம்மா வாராவாரம் தன் பெருமையையே பாடுகிறார்' என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. இந்த வாரம் அவர்களுக்கு விடுதலை. இது என் தம்பியின் பெருமை. அதைச் சொல்ல வேண்டுமானால் என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

அவன் அன்று பேச வந்தது, புகையிலையை விட்ட கதையை. விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து ஆறாகுமா, இல்லை ஏதாவது ஒரு நாள் காலையில் புட்டுக்கொள்ளுமா என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்த கவலை. எனக்குத் தனியாக இன்னொரு பயமும் இருந்தது. பிள்ளைகள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

மூன்று விரல் வீட்டுப்பாடம்

எல்லாம் ஆரம்பித்தது எங்கள் பள்ளியில் நடந்த ஒரு பல் மருத்துவ முகாமில். வந்திருந்த டாக்டரம்மா சின்ன வயது. என் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு பத்து வருஷம் மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

"மூணு விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தா நிறுத்தி வாய்க்குள்ள விடுங்க. சுலபமா போகணும். போகலன்னா எங்ககிட்ட வரணும்" என்றார். ஒரு பள்ளிக்கூடமே வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

அறிவியல் டீச்சருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா விடுவாளா? அன்றே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் அவரவர் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் கதை கதையாக வந்தது. "எங்கப்பாவுக்கு நாலு விரலு போச்சு டீச்சர், ஆனா வாய மூட முடியலன்னு கத்தறாரு" என்றாள் ஒருத்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உப்புப் போட்டு வேகவைத்து முறத்தில் கொட்டினேன். ஆவி பறக்க உரித்துத் தின்றோம். நான் நாலைந்து பருப்பாக வாயில் போட்டுக்கொள்ள, அவன் ஒவ்வொன்றாகக் கடைவாய் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். எத்தனை வருஷமாக அப்படித் தின்கிறானோ, அன்றுதான் என் கண்ணில் பட்டது.

"வாயத் தொறடா."

"இன்னாத்துக்கு?"

"தொற. மூணு வெரல உள்ள வுடு."

சிரித்துக்கொண்டே வைத்தான். இரண்டு விரல் போனது. மூன்றாவது விரல் மேல் பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. சாய்த்துப் பார்த்தான், தலையைப் பின்னால் வாங்கிப் பார்த்தான்.

"வெரலு தடிப்புக்கா. மூட்ட தூக்கற வெரலு இல்ல?" என்றான்.

நானும் சிரித்தேன். அப்புறம் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரே பொட்டலம்

மூட்டை தூக்குகிறவர்களால் பீடி பிடிக்க முடியாது. இரண்டு கையும் மூட்டைக்கு வேண்டும். சுற்றிலும் சணல் சாக்கு, நெருப்புக்கு ஆகாது. அதனால் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளும் பொட்டலம்தான். புகையிலையும் பாக்குத் தூளும் கலந்தது. விற்கக் கூடாது என்று தடை இருக்கிறது. கேட்டால் கல்லாவுக்குக் கீழிருந்து கை மட்டும் வரும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லாரி வந்து பின்பக்கம் திரும்பி நின்றதும், ஆறு பேரில் ஒருவர் பொட்டலத்தைப் பிரிப்பார். ஆறு பேரும் அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் முதல் மூட்டை கிளம்பும். ஒரே பொட்டலத்தில் கை வைத்தவன்தான் 'செட்டு'. வேண்டாம் என்கிறவன் மூட்டை தூக்கலாம், ஆனால் செட்டில் சேர்ந்தவன் ஆக மாட்டான். முதுகில் ஏற்றிவிடுகிற கை நம்முடைய ஆளின் கையாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

எங்கள் பள்ளி வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரோட்டில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். அதற்குள் புகையிலை விற்கக் கூடாது. அந்தக் கோட்டுக்குள் நான் ராணி. ஒரு பெட்டிக்கடைக்காரர் என்னைக் கண்டால் கடையையே மூடிவிடுவார். ஆனால் கமிட்டி வாசலில் அப்படி ஒரு கோடு இல்லை. என் தம்பி அந்தப் பக்கத்தில் இருந்தான்.

பல்வலி

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். இருபது வருஷமாகப் புகையிலையின் தீமைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் பிறந்தது பெருமுக்கல் மலையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு காலனியில். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். சாயங்காலம் கூலியோடு வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் புகையிலையும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து கொடுப்பார்கள். அது மரியாதை. கொடுக்காமல் விட்டால்தான் பெண்களுக்குக் கோபம் வரும். அதனால் எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் புகையிலை தீராது.

எனக்குப் பதினான்கு வயது, ஏழுமலைக்கு ஒன்பது. அவனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. அம்மா வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், எனக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை. பல்வலிக்குப் புகையிலை வைப்பது ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து அவன் பல் குழியில் அழுத்தினேன்.

"துப்பாம வெச்சிக்கினு இரு" என்றேன்.

எச்சில் ஒழுகியது. தலை சுற்றி ஒரு தடவை வாந்தி எடுத்தான். பிறகு வாய் மரத்துப்போய்த் தூங்கிவிட்டான். நான் நிம்மதியாகக் கணக்குப் போட்டேன். அவன் வலி தீர வேண்டும் என்று வைத்தேனா, அவன் சத்தம் அடங்க வேண்டும் என்று வைத்தேனா என்று கேட்டால், இரண்டாவதுதான். அதுதான் உண்மை.

அந்தப் பரீட்சையில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மார்க்.

அடுத்த வாரம் அவனே வந்து, "அக்கா, அந்த மருந்து குடுக்கா" என்றான். வலி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். பிற்பாடு அந்தப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பழக்கம் தங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். நான் படித்து டீச்சரானேன்.

நான் செய்த கூத்து

இரண்டு விரல் வாயைப் பார்த்த மறுநாளிலிருந்து நான் அடித்த கூத்துக்கு அளவில்லை. தினமும் காலையில் அவன் போனுக்கு அழுகிய வாய்ப் படங்களாக அனுப்பினேன். போன் செய்து திட்டினேன். திட்டியது போதவில்லை என்று மறுபடி போன் செய்து திட்டினேன். எனக்கு வாய் நீளம் என்பது திண்டிவனம் கல்வி மாவட்டத்துக்கே தெரியும்.

பள்ளியிலும் விடவில்லை. 'அப்பாவுக்கு ஒரு கடிதம்' என்று எழுத வைத்தேன். 'நீங்கள் செத்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று வேறு சொன்னேன். இரண்டாம் நாள் ஒரு அம்மா பள்ளிக்கு வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், உசுரோட இருக்கற மனுசனுக்கு இப்டியா எழுதச் சொல்லுவீங்க? சோறு துன்னாம கோச்சிக்கினு போனவரு இன்னும் வூட்டுக்கு வரல" என்றார். அந்தக் கணவர் சாயங்காலம் வந்துவிட்டார், இரண்டு பாக்கெட் பீடியோடு.

ஏழுமலை என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தைப்பொங்கல் தவறாமல் வரிசை கொண்டுவந்தவன் அவன். அந்த வருஷம் கரும்பையும் மஞ்சளையும் புடவையையும் மனைவி கலாவிடம் கொடுத்தனுப்பிவிட்டான். தட்டை வாங்கும்போதே கேட்டேன்.

"அவன் எங்க?"

"கோச்சிக்காதீங்க அண்ணி" என்றாள் கலா. "நீங்க போன் பண்ணி வெச்ச ஒடனே அவரு இன்னா பண்றாரு தெரியுமா? நேரா போய் ஒரு பொட்டலம் பிரிக்கிறாரு. ஒங்க போனுக்குன்னே தினம் ஒண்ணு எக்ஸ்ட்ரா போவுது."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கலா என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், பத்தாவது வரை படித்தவள். அவளிடம் முதல் தடவையாக, "சரி, நீ சொல்லு. இன்னா பண்ணலாம்?" என்று கேட்டேன்.

கலாவின் டப்பா

அவள் சும்மா இருக்கவில்லை. அவன் எப்போது எப்போது வாயில் போடுகிறான் என்று ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காலைல மொத லோடுக்கு ஒண்ணு. டீ குடிச்சதும் ஒண்ணு. துன்னதும் ஒண்ணு. அப்பறம் யாருனா திட்டுனா ஒண்ணு. அந்தக் கடைசி ஒண்ண நிறுத்தறது நம்ம கையில இருக்குது அண்ணி."

விடச் சொல்லி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் கூப்பிட்டாள். வந்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு நானும் கூடப் போனேன்.

கன்னத்தின் உள்பக்கம் தோல் நார் நாராக இறுகியிருக்கிறது, புற்றுநோய் இல்லை, ஆனால் தொடர்ந்து போட்டால் அந்தப் பக்கம் போகலாம் என்றார் டாக்டர். "பழையபடி முழுசா தொறக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க நிறுத்தினா, இதுக்கு மேல மூடாம பாத்துக்கலாம்." ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துத் திறக்கும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். முதல் சில வாரம் கோபமும் தூக்கமின்மையும் வரும், வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துப் போக வேண்டும் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். கலா முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிட்டாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வீட்டில் பொறுத்துப் போகலாம். செட்டை என்ன செய்வது? அங்கேதான் கலா என்னை அசத்திவிட்டாள். ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் வறுத்த சோம்பும் கல்கண்டும் நிரப்பிக்கொண்டு கமிட்டிக்கே போனாள். லாரி வந்து நின்ற நேரம் பார்த்து ஆறு பேர் முன்னாலும் நீட்டினாள்.

"அண்ணா, மொத கைய இதுல வையுங்க. அதுக்கப்பறம் ஒங்க இஷ்டம். இவரு ஒருத்தரு மட்டும் இதோட நிறுத்திக்கட்டும்."

"இன்னாம்மா தங்கச்சி, ஓட்டல்ல பில்லோட குடுக்கற மாதிரி சோம்பு குடுக்கற?" என்று செட்டிலேயே மூத்தவர் கேலி செய்தாராம். ஆனால் தங்கச்சி என்று சொல்லிவிட்ட பிறகு மறுக்க முடியுமா? ஆறு கையும் டப்பாவுக்குள் போயின. என் தம்பி பொட்டலத்தை விட்டான், செட்டை விடவில்லை.

இவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரம் ஒரு தட்டைச் சுவரில் வீசினான். இரண்டாம் மாதம் ஒரு சாவு வீட்டில், தாம்பாளத்தில் புகையிலையை வைத்து நீட்டினார்கள் என்று வாயில் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அவனே சொல்லிவிட்டான். நானாக இருந்தால் தோலை உரித்திருப்பேன். கலா, "சரி, சொன்னீங்களே, அது போதும். நாளைக்குத் திரும்ப மொத நாளுன்னு வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாளாம். அடுத்த வாரமே பள்ளியில் அந்தக் கடிதம் எழுதும் வேலையை நான் மாற்றினேன். அப்பாவை மிரட்ட வேண்டாம். அவர் போடாத ஒரு நாள், சாயங்காலம் கூட உட்கார்ந்து பேசுங்கள் என்றேன்.

அன்று அவன் பேசியது

மைக் முன்னால் நின்ற ஏழுமலை ஒருவழியாகத் தொண்டையைச் செருமினான்.

"எம் பேரு ஏழுமலை. கமிட்டில மூட்ட தூக்கறேன். எனக்குப் பேச வராது. தோ, வாயப் பாத்துக்குங்க."

திறந்து காட்டினான். இரண்டு விரலை வைத்துக் காட்டினான். மூன்றாவது போகாததையும் காட்டினான்.

"ஒரு பொரோட்டாவ அப்டியே சுருட்டி வாயில போடறீங்க இல்ல? எனக்கு அது முடியாது. புட்டுப் புட்டுத் துன்னணும். காரம் வெச்சா எரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"விட்டு அஞ்சு மாசம் ஆவுது. ஆனா இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுல ஒரு பொட்டலம் வாங்கிட்டேன்."

நான் என்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன்.

"மைக்குல பேசணுமேன்னு கையி காலெல்லாம் ஒதறலு. பிரிக்கப் போனேன். பிரிச்சா இங்க வந்து இத்தினி புள்ளைங்களாண்ட பொய் சொல்லணும். அது பெரிய பேஜாரு. கீழ போட்டு மிதிச்சிட்டு பஸ் ஏறிட்டேன். இப்பக்கூட வாய் கேக்குது. அது கேட்டுக்கினுதான் இருக்கும்."

எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது? இருபது வருஷம் நான் நடத்திய பாடத்தை அவன் நாலு வரியில் நடத்திவிட்டான். கர்வத்தில் எனக்குக் கண் நிறைந்தது. அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், ஒங்களுக்கு மொதல்ல யாரு குடுத்தாங்க?"

நான் பயந்த கேள்வி. ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் குடுக்கல பாப்பா. பல்லு வலிச்சிது. நானே எடுத்துப் போட்டுக்கினேன்."

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று பொட்டலத்தை மிதித்துவிட்டு வந்தவன், எனக்காக ஒரு பொய் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. போய் மைக்கை வாங்கினேன்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். பல்வலி, கணக்குப் பரீட்சை, முதல் மார்க், எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வகுப்புகள் ஒருநாளும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஏழுமலை என் கையிலிருந்து மைக்கைத் திரும்ப எடுத்தான்.

"அப்ப எங்க அக்காவுக்குப் பதினாலு வயசு. இது தப்புன்னு அதுக்கு ஒருத்தரும் சொல்லல. எங்க அம்மாவுக்கும் யாரும் சொல்லல. ஒங்களுக்கு எங்க அக்கா சொல்லுது. ஒங்க தம்பிக்குப் பல்லு வலிச்சா டாக்டராண்ட கூட்டிக்கினு போங்க. அவ்ளோதான், எனக்கு லாரி வந்துடும், நான் போறேன்."

கை தட்டல் அடங்குவதற்குள் அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரி சத்தம். செட்டில் நாலு பேர் வாயைக் காட்டச் சம்மதித்துவிட்டார்களாம், அழைத்துக்கொண்டு வந்திருக்கிறானாம். மூத்தவருக்குக் கொஞ்சம் மோசமாக இருக்கும்போல் தெரிகிறதாம்.

"இரு, இருடா, நான் ஜல்தியா கெளம்பி வர்றேன். டாக்டராண்ட நான் பேசறேன்" என்று செருப்பைத் தேடினேன்.

"நீ வர வேணாம்க்கா" என்றான் ஏழுமலை. "நான் இருக்கேன் இல்ல? நான் பாத்துக்கறேன்."